நெட் பாவிக்கும்போது லினக்ஸ் மெஷின் விழுகிறதா? கேர்னல் கிராஷைத் துப்புத் துலக்குவது எப்படி

பெரிய பைல் ஒன்றை இறக்கத் தொடங்கியதும் மெஷின் கல்லாகிவிடுகிறது. மௌஸ் அசையாது. கீபோர்டில் கேப்ஸ் லொக் விளக்கு வேலை செய்யாது, சிலவேளை தானாகவே மின்னிக்கொண்டிருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தி மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி வரும்.

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் பழைய டெஸ்க்டொப்பில் லினக்ஸைப் போட்டு, அதிலேயே பில் அடித்து, பைல் வைத்து, வைஃபையும் கொடுக்கிற கடைகளும் டியூட்டரிகளும் இருக்கின்றன. அங்கிருந்து இந்த முறைப்பாடு வந்தால் வழமையான தீர்ப்பு இரண்டில் ஒன்று: “வைரஸ், போர்மட் அடிப்பம்” அல்லது “ரெம் போயிட்டு, மாத்துவம்”. இரண்டுக்கும் காசு போகும். ஒரு கிழமையில் மெஷின் திரும்பவும் விழும்.

டெர்மினலைத் திறந்து நாலு கட்டளை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை போதும். உபுண்டு, டெபியன் இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளும் பைல் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கும், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில், விழுந்தது கேர்னல்தானா?

கேர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, ஹார்ட்வெயாருக்கும் புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் நடத்துவது. பிரவுசர், டொரென்ட், விபிஎன் என்று எதை எடுத்தாலும், அது எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும், செத்தால் அது மட்டும்தான் சாக வேண்டும். முழு மெஷினையும் இழுத்துக்கொண்டு போக அதற்கு அதிகாரம் இல்லை. அப்படி இழுத்துக்கொண்டு போனால் பிழை கேர்னலுக்குள், அல்லது கேர்னலோடு சேர்ந்து ஓடும் ஒரு டிரைவருக்குள் (கார்ட், டொங்கிள் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்), அல்லது ஹார்ட்வெயாரில் இருக்கிறது. “விபிஎன்னைத் தூக்கினேன், சரியாயிற்று” என்றால் பிழை போய்விட்டது என்று எண்ண வேண்டாம். அதைத் தட்டி எழுப்பிய ஒன்றுதான் போயிருக்கிறது. வேறொன்று வந்து தட்டும்.

மெஷின் நின்றதும் அதே நெட்வேர்க்கில் இருக்கிற இன்னொரு மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ பிங் அடித்துப் பாருங்கள். பிங்குக்குப் பதில் கொடுப்பது கேர்னல். பதில் வந்தால் கேர்னல் இன்னும் உயிரோடு இருக்கிறது, செத்தது திரையோ டெஸ்க்டொப்போதான். எஸ்எஸ்எச் (இன்னொரு மெஷினிலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) வழியாக உள்ளே போய் மிச்சத்தைப் பார்க்கலாம். பதில் வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லொகின் வந்தால் அதுவும் கேர்னல் கிராஷ் இல்லை.

இரண்டு செய்திகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். “அவுட் ஒஃப் மெமரி, கில்ட் புரொசெஸ்” என்றால் மெமரி போதாமல் கேர்னல் ஒரு புரோகிராமைக் கொன்றிருக்கிறது. அது கேர்னலின் வேலை, நோய் அல்ல. “நெட்டெவ் வொட்ச்டோக், ட்ரான்ஸ்மிட் கியூ டைம்ட் அவுட்” என்பது நெட்வேர்க் கார்ட் பாக்கெட்டை (நெட்டில் போகும் தரவுத் துண்டை) வெளியே தள்ளாமல் சிக்கிக்கொண்டதற்கான எச்சரிக்கை. நெட் அறுந்துபோகும், மெஷின் தொடர்ந்து ஓடும். ஆனால் “சொஃப்ட் லொக்கப், சிபியூ ஸ்டக் ஃபோர் 22 செக்கன்ட்ஸ்” என்று வந்தால் கவனியுங்கள். ஒரு சிபியூ கேர்னலுக்குள்ளேயே 20 செக்கனுக்கு மேல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதையும் கிராஷைப்போலவே விசாரிக்க வேண்டும்.

சாட்சியைப் பிடித்து வைப்பது

மெஷின் நின்றவுடன் கை தானாகப் பவர் பட்டனுக்குப் போகும். போகவிடாதீர்கள். திரையில் எழுத்து இருந்தால் போனில் படம் எடுங்கள். எத்தனை மணி, என்ன ஓடிக்கொண்டிருந்தது, நெட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு நிறுத்தலாம்.

படத்தில் ஒரு குறை உண்டு. கிராஷ் அறிக்கை நீளமானது. திரையில் மிஞ்சுவது அதன் வால்தான், தேவையான தலை மேலே ஓடிப்போயிருக்கும். எப்போது விழும் என்று ஓரளவு தெரிந்தால் அதற்கு முதலே கறுப்புத் திரைக்கு மாறி, போனை ஒரு இடத்தில் நிறுத்தி வீடியோ எடுங்கள். எழுத்து ஓடும் நேரத்தை மெதுவாக ஓட்டி வாசிக்கலாம். கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் வேறு வழி இல்லாத பழைய மெஷினில் இது பலமுறை கைகொடுக்கும். 2024இல் வந்த 6.12 கேர்னலில், பேனிக் ஆனால், அதாவது கேர்னல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால், அறிக்கையைத் திரையிலேயே கியூஆர் கோடாகக் காட்டும் வசதி சேர்ந்தது. எல்லா லினக்ஸிலும் அது திறந்திருக்காது.

விழுந்ததும் மெஷின் தானாக ரீபூட் ஆகிறதென்றால், கேர்னலின் அமைப்புகளைக் காட்டும் “சிஸ்சிடிஎல்” கட்டளையில் “கேர்னல்.பேனிக்” என்ற அமைப்பைப் பாருங்கள். 0 என்றால் அப்படியே நிற்கும். 10 என்றால் 10 செக்கனில் தானாக எழும்பும். விசாரணை முடியும்வரை 0 வைத்துக்கொள்ளுங்கள்.

எழும்பிய பிறகு முதலில் அடிக்க வேண்டியது “ஜேர்னல்சிடிஎல்”. அதோடு கழித்தல் குறி போட்டுச் சின்ன “கே”, பிறகு கழித்தல் குறி போட்டுச் சின்ன “பி”, அதன் பின்னால் கழித்தல் 1. இதற்கு முந்தைய பூட்டில் கேர்னல் சொன்ன எல்லாவற்றையும் காட்டு என்று அர்த்தம். ஒன்றும் வராவிட்டால் “வார்/லொக்/ஜேர்னல்” என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் லொக் எல்லாம் மெமரியில் மட்டும் இருந்து மெஷினோடு சேர்ந்து போகும். அந்த ஃபோல்டரை உருவாக்கி ரீபூட் பண்ணினால் அடுத்த முறைக்காவது மிஞ்சும்.

மிஞ்சினாலும், தேவையான கடைசி வரிகள் பெரும்பாலும் அங்கே இருக்காது. செத்துக்கொண்டிருக்கிற கேர்னலால் டிஸ்கில் எழுத முடியாது. எழுதப் போய் டிஸ்கையும் கெடுத்துவிடக்கூடும் என்பதால் எழுதாமல் விடுவதே நல்லது. ஆகவே வெளியிலிருந்து பிடிக்க வேண்டும். நான் முதலில் சொல்வது கேடம்ப்.

கேடம்ப்பின் தந்திரம் எளிது. பூட் ஆகும்போதே மெமரியில் ஒரு துண்டை ஒதுக்கி, அதற்குள் இரண்டாவது கேர்னல் ஒன்றைத் தூங்க வைத்துவிடும். முதல் கேர்னல் விழுந்ததும் இரண்டாவது எழும்பி, செத்தவரின் மெமரியை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை ரீபூட் பண்ணும். உபுண்டுவில் “லினக்ஸ்-கிராஷ்டம்ப்” என்ற பொதியையும், டெபியனில் “கேடம்ப்-டூல்ஸ்” என்ற பொதியையும் நிறுவி ரீபூட் பண்ணுங்கள். பிறகு “கேடம்ப்-கொன்ஃபிக் ஷோ” அடித்தால் அதில் “ரெடி டு கேடம்ப்” என்று வர வேண்டும். வராவிட்டால் “ப்ரொக்/சிஎம்டிலைன்” பைலைத் திறந்து, “கிராஷ்கேர்னல்” என்ற சொல்லும் அதன் பின்னால் ஒரு அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஓடுகிற பல மெஷினில் 2 ஜிபி, 4 ஜிபி ரெம்தான். ஒதுக்கிய துண்டு போதாவிட்டால் இரண்டாவது கேர்னலும் எழும்பாது. ஒன்றும் பிடிபடாவிட்டால் அந்த அளவைக் கூட்டிப் பாருங்கள்.

நிறுவியதோடு நம்பிவிடாதீர்கள், சோதியுங்கள். கடை பூட்டிய பிறகு எல்லா வேலையையும் சேமித்து, “சிங்க்” அடித்து, ரூட் ஆக இருந்துகொண்டு “ப்ரொக்” ஃபோல்டரில் உள்ள “சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர்” என்ற பைலுக்குள் சின்ன “சி” எழுத்தை எக்கோ பண்ணுங்கள். மெஷின் அந்த இடத்திலேயே விழும். வேண்டுமென்றே விழுத்துகிறோம், பயம் வேண்டாம். எழும்பி வந்ததும் “வார்/கிராஷ்” என்ற ஃபோல்டரில் திகதியும் நேரமும் போட்ட ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் இரண்டு பைல்: பெரியது மெமரி டம்ப், சின்னது “டிமெஸ்ஜி” என்று தொடங்கும் சாதாரண எழுத்துப் பைல். புதியவருக்கு அந்தச் சின்னப் பைலே போதும். பெரியதைத் திறக்க “கிராஷ்” என்ற கருவியும் கேர்னலின் டீபக் சிம்பல்களும் (மெமரி முகவரிகளைப் பெயர்களாக மாற்ற உதவும் தரவு) வேண்டும். சிம்பல் பொதி மிகப் பெரியது, போன் டேட்டாவில் இருப்பவர்கள் இரவு டேட்டா வரும்வரை பொறுங்கள்.

கேடம்ப் ஓடாத மெஷினுக்கு நெட்கன்சோல் இருக்கிறது. கேர்னல் சொல்கிற ஒவ்வொரு வரியையும் யூடிபி பாக்கெட்டாக, வழமையில் 6666ஆம் போர்ட்டுக்கு, பக்கத்து லெப்டொப்புக்கு அனுப்பும். இதற்கு லேன் கேபிள் வேண்டும், வைஃபையில் நம்ப முடியாது. விழுத்துகிற டிரைவரின் வழியாகவே அனுப்பினாலும் பயனில்லை. யூஎஸ்பி வைஃபை டொங்கிளில் சந்தேகம் என்றால் மதர்போர்டில் இருக்கிற லேன் போர்ட்டைப் பாவியுங்கள்.

அறிக்கையை வாசிப்பது

இங்கேதான் நேரம் எடுத்து இருக்க வேண்டும். நூறு வரியும் எண்களும் கண்டவுடன் மூடிவிடத் தோன்றும். உண்மையில் ஏழெட்டு இடங்களைப் பார்த்தால் போதும்.

மருதமுனையில் ஒரு புடவைக் கடை. பில் மெஷினில் ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிளைச் செருகி, அதையே ஹொட்ஸ்பொட்டாக்கி வைத்திருந்தார்கள். முதலாளி சொன்னது இதுதான்: “மனே, காலையில ஒரு பிரச்சினையும் இல்ல. மத்தியானம் சின்னவன் வந்து போனைக் கனெக்ட் பண்ணுவான், மறுகா கொஞ்ச நேரத்தில மெஷின் செத்துரும்.” இந்த ஒரு வாக்கியத்தில் பாதி விசாரணை முடிந்துவிட்டது. எந்த நேரம் என்பதைவிட யார் வந்த பிறகு என்பது பெரிய துப்பு. கேடம்ப் பிடித்துக் கொடுத்த அறிக்கையின் தலையில் இருந்ததைச் சாரமாக, எண்களைச் சுருக்கித் தருகிறேன்:

எஸ்கேபி ஓவர் பேனிக்: லென் 1600, புட் 1600, டெயில் ஹெக்ஸ் 680, எண்ட் ஹெக்ஸ் 640, டெவ் டபிள்யூலான்0
கேர்னல் பக், இடம்: நெட்/கோர்/எஸ்கேபஃப்.சி
இன்வலிட் ஒப்கோட்: 0000 [#1]
கொம்: ஸ்வொப்பர்/1, டெயின்டெட்: ஜி ஓ ஈ
ஆர்ஐபி: எஸ்கேபி_பேனிக்
கோல் ட்ரேஸ்: எஸ்கேபி_புட், அதற்குக் கீழே டொங்கிள் டிரைவரின் ரிசீவ் ஃபங்ஷன், அதற்குக் கீழே டாஸ்க்லெட், சொஃப்ட்ஐஆர்க்யூ
கேர்னல் பேனிக், நொட் சிங்கிங்: ஃபேட்டல் எக்ஸெப்ஷன் இன் இன்டரப்ட்

சதுர அடைப்புக்குள் இருக்கிற #1ஐ முதலில் தேடுங்கள். இந்த பூட்டில் நடந்த முதல் விபத்து அது. கேர்னல் ஒருமுறை அடிபட்ட பிறகும் சிலவேளை நொண்டிக்கொண்டு ஓடும். அப்போது #2, #3 என்று வருவதெல்லாம் முதல் அடியின் விளைவு. பலர் கடைசியாகத் திரையில் நின்ற #3ஐ வைத்துக்கொண்டு மண்டையை உடைப்பார்கள். #1 இல்லாமல் விசாரணை தொடங்க வேண்டாம்.

“கொம்” என்ற இடத்தில் இருக்கும் பெயர் அதிகம் ஏமாற்றும். அங்கே ஸ்வொப்பர் என்று கண்டதும் ஸ்வொப் மெமரியில் பிழை என்று நினைக்கிறார்கள். ஸ்வொப்பர் என்பது சிபியூ சும்மா இருக்கும்போது ஓடுகிற வெற்று வேலை, ஸ்வொப்போடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அதே இடத்தில் ஃபயர்பொக்ஸ் என்று வந்தால் ஃபயர்பொக்ஸைத் தூக்கிவிடுவார்கள். நெட்வேர்க் பாக்கெட் வந்ததும் கார்ட் சிபியூவை இடைமறிக்கும், அதைத்தான் இன்டரப்ட் என்கிறோம். அந்த நேரம் சிபியூவில் யார் ஓடிக்கொண்டிருந்தாரோ அவர் பெயர் கொம்மில் பதியும். அவர் அந்த இடத்தில் நின்றவர், அவ்வளவுதான். கோல் ட்ரேஸ் என்பது எந்த நிரல் துண்டு எதை அழைத்தது என்ற பட்டியல், அழைத்தது அழைக்கப்பட்டதற்குக் கீழே இருக்கும். அதில் இன்டரப்டைக் குறிக்கும் ஐஆர்க்யூ, சொஃப்ட்ஐஆர்க்யூ என்று கண்டால் கொம்மை மறந்துவிடுங்கள்.

கடைசி வரியின் காரணமும் இதுவே. சாதாரண புரோகிராம் ஒன்றுக்காகக் கேர்னல் வேலை செய்யும்போது பிழை வந்தால், பெரும்பாலும் அந்தப் புரோகிராமைக் கொன்றுவிட்டு மெஷின் ஓடும். அதை ஊப்ஸ் என்பார்கள். இன்டரப்டுக்குள் பிழை வந்தால் கொல்வதற்கு ஆள் இல்லை, எல்லாவற்றையும் நிறுத்துவதுதான் மிச்சம். அது பேனிக். பாக்கெட்டை வாங்கும் வேலை பெரும்பாலும் இன்டரப்டோடு ஒட்டி நடப்பதால்தான் நெட்வேர்க் டிரைவரின் சின்னப் பிழையும் முழு மெஷினையும் சாய்க்கிறது.

இனி ஆர்ஐபி. சிபியூ விழுந்த நேரம் நின்ற ஃபங்ஷன், அதாவது நிரல் துண்டு, அது. இங்கே எஸ்கேபி_பேனிக் என்று இருக்கிறது, அது கேர்னலின் சொந்த ஃபங்ஷன். அதைப் பார்த்து “லினக்ஸ் கேர்னலிலேயே பிழை” என்று முடிவெடுத்தால் வழி தவறிவிடும். விழுந்த இடம் வேறு, தள்ளினவர் வேறு. எஸ்கேபி என்பது ஒவ்வொரு பாக்கெட்டையும் வைக்கிற பெட்டி. எஸ்கேபி_புட் என்பது பெட்டிக்குள் இவ்வளவு பைட் வைக்கிறேன் என்று டிரைவர் கேட்கும் அழைப்பு. இடம் போதாவிட்டால் பக்கத்து மெமரி நாசமாகாமல் இருக்க, கேர்னல் வேண்டுமென்றே நின்றுவிடும். ஆக எஸ்கேபி_பேனிக் காவல்காரன்.

எண்களைக் கூட்டிப் பாருங்கள். ஹெக்ஸ் என்பது 16ஐ அடியாகக் கொண்ட எண்முறை. ஹெக்ஸ் 680 என்பது 1664. ஹெக்ஸ் 640 என்பது 1600. பெட்டி 1600இல் முடிகிறது, டிரைவர் 1664 வரை எழுதக் கேட்கிறது. 64 பைட் வெளியே. பெட்டியின் தொடக்கத்தில் ஏற்கெனவே 64 பைட் ஒதுக்கப்பட்டிருந்தது, அதைக் கணக்கில் எடுக்காமல் 1600ஐயும் வைக்கப் போயிருக்கிறது. அப்படியானால் சந்தேக நபர், கோல் ட்ரேஸில் எஸ்கேபி_புட்டுக்கு அடுத்த வரியில் இருப்பவர். அந்த வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் மொடியூலின் (கேர்னலுக்குள் தனியாக ஏற்றப்படும் துண்டு, இங்கே டிரைவர்) பெயர் இருக்கும்.

கோல் ட்ரேஸில் கேள்விக்குறியோடு தொடங்கும் வரிகளைத் தாண்டிப் போங்கள். ஸ்டாக்கில் (அழைப்புகளைக் குறித்து வைக்கும் மெமரிப் பகுதியில்) மிஞ்சிக் கிடந்த பழைய முகவரிகளாக இருக்கலாம், கேர்னலுக்கே அவற்றில் நம்பிக்கை இல்லை.

டெயின்டெட் என்ற இடத்தில் வரும் எழுத்துகள் மெஷினின் பூர்வீகம் சொல்லும். “பி” என்றால் மூடிய மூல உரிமம் உள்ள மொடியூல் ஏற்றப்பட்டிருக்கிறது. “ஓ” என்றால் கேர்னலோடு வராமல் வெளியிலிருந்து கட்டிப் போட்ட மொடியூல். “ஈ” என்றால் கையொப்பம் இல்லாத மொடியூல். “டபிள்யூ” இருந்தால் இதற்கு முதலே ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது, மேலே போய் அதைத் தேடுங்கள். “டி” இருந்தால் இதற்கு முதலே ஒரு ஊப்ஸ் நடந்திருக்கிறது, நீங்கள் கையில் வைத்திருப்பது #1 அல்ல. மருதமுனைக் கடையில் “ஓ”வும் “ஈ”யும் இருந்தன. டொங்கிள் வாங்கிய நேரம் யாரோ இணையத்திலிருந்து இறக்கிக் கட்டிய டிரைவர் அது. “மொட்இன்ஃபோ”வோடு கழித்தல் குறி போட்டுச் சின்ன “என்”, பிறகு மொடியூல் பெயர் அடித்தால் அது இருக்கும் இடத்தைக் காட்டும். பாதையில் “அப்டேட்ஸ்/டிகேஎம்எஸ்” என்று இருந்தால் வெளியாள்.

வேறு வகை அறிக்கைகளும் வரும். “நல் பொயின்டர் டிரெஃபரன்ஸ், அட்ரஸ்” என்று போட்டு நிறையப் பூச்சியமும் கடைசியில் 10உம் இருந்தால், வெறும் பொயின்டர் (எந்த இடத்தையும் காட்டாத மெமரி முகவரி) ஒன்றைப் பிடித்து அதிலிருந்து ஹெக்ஸ் 10, அதாவது 16 பைட் தள்ளி இருக்கிற உறுப்பை வாசிக்கப் போயிருக்கிறது. அந்தச் சின்ன எண் எந்த உறுப்பு என்று பிறகு மூல நிரலில் தேட உதவும். முகவரி ஆங்கிலத்தில் “டெட்” என்று தொடங்கி 100இலோ 122இலோ முடிந்தால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே கழற்றப்பட்ட ஒன்றை யாரோ திரும்பத் தொட்டிருக்கிறார்கள். அந்த முகவரியைக் கேர்னல் எழுதுநர்கள் வேண்டுமென்றே பொறியாக வைத்திருக்கிறார்கள்.

திரும்ப விழ வைப்பது

சந்தேக நபர் கிடைத்தால் மட்டும் போதாது. வேண்டிய நேரம் விழுத்த முடிய வேண்டும், காரணத்தை எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து கொப்பியில் எழுதுங்கள். கேர்னலையும் டிரைவரையும் கேபிளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு “சரியாயிற்று” என்றால் எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது.

நெட்டில் பாரம் ஏற்ற ஐபெர்ஃப்3 நல்லது. இரண்டு மெஷினிலும் நிறுவி, ஒன்றைச் சேர்வராகவும் மற்றதைக் கிளையன்ட்டாகவும் ஓட்டுங்கள். வெளி இணையம் தேவையில்லை, டேட்டா செலவில்லை. முதலில் ஒரு திசை, பிறகு கழித்தல் குறியோடு பெரிய “ஆர்” போட்டு மறு திசை. வாங்கும்போது மட்டும் விழுந்தால் ரிசீவ் பக்கம், அனுப்பும்போது மட்டும் விழுந்தால் ட்ரான்ஸ்மிட் பக்கம். தேட வேண்டிய நிரல் பாதியாகிவிடும்.

அடுத்து “ஈத்டூல்”. கழித்தல் குறியோடு பெரிய “கே” போட்டு ஜிஆர்ஓ, ஜிஎஸ்ஓ, டிஎஸ்ஓ என்ற மூன்று வசதிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பாக்கெட்டுகளைச் சேர்ப்பது, பிரிப்பது போன்ற வேலைகளை இவை மொத்தமாகச் செய்து வேகம் கூட்டும். ஒன்றை நிறுத்தியதும் கிராஷ் நின்றால் அது தீர்வல்ல, துப்பு. நிறுத்தியே விட்டால் சிபியூவுக்குச் சுமை ஏறும்.

புடவைக் கடையில் சின்னவனின் போன் இருந்தால் விழுந்தது, வேறு போன்கள் எத்தனை இருந்தாலும் விழவில்லை. அதே போன், வேறு டொங்கிள்: விழவில்லை. சில போன்கள் பல பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி ஒரே பெரிய ஃப்ரேமாக அனுப்பும். வைஃபை தரநிலையில் அதற்கு அனுமதி உண்டு, அப்படிக் கட்டிய ஃப்ரேம் 3839 அல்லது 7935 பைட் வரை போகலாம். டிரைவரை எழுதியவர் 1500 சொச்சத்துக்கு மேல் வராது என்று இருந்துவிட்டார். போன் செய்தது பிழையில்லை. “சின்னவனை நெட்டுக்கு விடாதீங்க” என்று சொல்லியிருந்தால் பிரச்சினை தீர்ந்ததுபோல இருந்திருக்கும். நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் அதே மாதிரிப் போனோடு வருவார்.

பழைய கேர்னலையும் ஒருமுறை பாருங்கள். கிரப் பட்டியலில் “அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்” என்பதற்குள் முந்தைய கேர்னல்கள் இருக்கும். பழையதில் விழாமல் புதியதில் விழுந்தால், இடையில் வந்த ஏதோ ஒரு மாற்றம் காரணம். கேர்னல் மூலத்தை வைத்துக் கட்டத் தெரிந்தவர்கள் “கிட் பைசெக்ட்” ஓட்டலாம். மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டிச் சோதிப்பதால் ஆயிரம் மாற்றமென்றாலும் பத்துச் சோதனையில் ஆள் அகப்படும். பழைய மெஷினில் ஒவ்வொரு கேர்னலையும் கட்ட மணிக்கணக்காகும், வேறு நல்ல மெஷினில் கட்டிக் கொண்டுவாருங்கள்.

ஹார்ட்வெயாராக இருந்தால்

நல்ல அடையாளம் ஒன்று உண்டு: ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. ஒருநாள் நெட்வேர்க், ஒருநாள் டிஸ்க், ஒருநாள் திரை. மென்பொருள் பிழைக்கு அனேகமாக ஒரே கோல் ட்ரேஸ் திரும்பத் திரும்ப வரும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் நிரலை விட்டுவிட்டு மெம்டெஸ்ட்86பிளஸை ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். கடலோரத்து உப்புக் காற்றில் ரெம்மின் தொடுமுனைகள் கறுத்துப்போகும். கழற்றி, அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துப் போட்டாலே சில மெஷின் தேறும். மாரியில் இடி விழுந்த பிறகு தொடங்கிய பிரச்சினை என்றால் லேன் போர்ட்டைச் சந்தேகியுங்கள். பவர் சப்ளையையும் மறக்க வேண்டாம்.

விண்டோஸ்காரருக்கு

ஒரே பாடம்தான், பெயர்கள் வேறு. நீலத் திரையில் “டிரைவர் ஐஆர்க்யூஎல் நொட் லெஸ் ஓர் ஈக்குவல்” என்று போட்டு, பக்கத்தில் என்டிஐஎஸ் அல்லது டிசிபிஐபி என்ற பைலைக் காட்டினால், அவை மைக்ரோசொஃப்டின் பொது நெட்வேர்க் பகுதிகள். பெரும்பாலும் காவல்காரர்கள். விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள “மினிடம்ப்” என்பதற்குள் இருக்கும் பைலை வின்டிபிஜி என்ற கருவியில் திறந்து ஸ்டாக்கில் கீழே போங்கள். மூன்றாம் ஆளின் வைஃபை, விபிஎன் அல்லது அன்டிவைரஸ் டிரைவர் அங்கே ஒளிந்திருக்கும்.

குற்றவாளி தெரிந்த பிறகு

வெளியிலிருந்து கட்டிய டிரைவர் என்றால் முதல் வேலை அதைக் கழற்றுவது. கேர்னலுக்குள்ளேயே அந்தச் சிப்புக்கு டிரைவர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக, பல டொங்கிள்களுக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவரில் யூஎஸ்பி ஆதரவு 6.2 கேர்னலோடு 2023இல் சேர்ந்தது. அதற்கு முன்னர் வெளி டிரைவர் தவிர வழி இருக்கவில்லை, இப்போது இருக்கலாம். விபிஎன்னும் அப்படியே: வயர்கார்ட் 2020 மார்ச்சில் 5.6 கேர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது, இன்னும் தனி மொடியூலாகக் கட்டி வைத்திருக்கத் தேவையில்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால் வேறு சிப் உள்ள டொங்கிள் வாங்குங்கள். அதன் விலையைவிட ஒரு மத்தியான வியாபாரம் பெரிது.

பிழை கேர்னலுக்குள்ளேயே என்றால் முதலில் உங்கள் லினக்ஸின் கடைசி அப்டேட்டைப் போட்டுச் சோதியுங்கள். பிறகும் விழுந்தால் அறிவியுங்கள். டெயின்டெட் எழுத்துகளில் “பி”யோ “ஓ”வோ இருந்தால் அந்த மொடியூல்களைக் கழற்றி, திரும்ப விழுத்தி, அந்த அறிக்கையை அனுப்புங்கள். இல்லாவிட்டால் கேர்னல்காரர் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. “யூநேம்”மோடு சின்ன “ஆர்” தரும் கேர்னல் பதிப்பு, #1இலிருந்து கடைசி வரி வரைக்குமான முழு எழுத்து, எதைச் செய்தால் விழுகிறது, எந்தப் பதிப்பில் விழவில்லை: இவ்வளவும் வேண்டும். படத்தைவிட எழுத்துப் பைல் நூறு மடங்கு நல்லது.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம். வெளியிலிருந்து வரும் ஒரு பாக்கெட் உங்கள் மெஷினை விழுத்துகிறதென்றால், அதே பாக்கெட் மற்றவரின் மெஷினையும் விழுத்தும். 1996இல் பேர்போன “பிங் ஒஃப் டெத்” அப்படித்தான்: துண்டு துண்டாக வந்து சேரும்போது 65,535 பைட் என்ற ஐபி எல்லையைத் தாண்டுகிற ஒரு பிங், அந்தக் காலத்து இயங்குதளங்கள் பலவற்றையும் சாய்த்தது. 2019 ஜூனில் வெளிவந்த “சாக் பேனிக்” பிழையில், திட்டமிட்டு ஒழுங்குபடுத்திய டிசிபி சாக் பாக்கெட்டுகளால் (எவை வந்து சேர்ந்தன என்று அனுப்பியவருக்குச் சொல்பவை) 2.6.29இலிருந்து வந்த லினக்ஸ் கேர்னல்களைத் தூரத்திலிருந்தே பேனிக் ஆக்க முடிந்தது. கண்டுபிடித்த நெட்ஃபிளிக்ஸ் பொறியியலாளர்கள் திருத்தம் தயாராகும்வரை அதைப் பகிரங்கப்படுத்தவில்லை. உங்களுக்கும் அப்படியொன்று அகப்பட்டால் எல்லோருக்கும் காட்டாமல், கேர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கோ உங்கள் லினக்ஸின் பாதுகாப்புக் குழுவுக்கோ தனியாக அனுப்புங்கள்.

பெரிய டம்ப் பைலை எவருக்கும் அப்படியே கொடுக்க வேண்டாம். விழுந்த நேரம் கேர்னலின் மெமரியில் என்ன இருந்ததோ அதில் ஒரு பகுதி உள்ளே இருக்கும்: சாவிகள், நெட்டில் போய்வந்த பாக்கெட்டுகள், அமைப்பைப் பொறுத்துப் பாஸ்வேர்டுகளும் வாடிக்கையாளரின் கணக்கும்கூட. அனுப்ப வேண்டியது டிமெஸ்ஜி எழுத்துப் பைல் மட்டும். அதிலும் மெஷினின் பெயரும் ஐபி முகவரியும் இருந்தால் பார்த்து மறையுங்கள். விசாரணை முடிந்ததும் “வார்/கிராஷ்” ஃபோல்டரைத் துப்புரவாக்கி, கேர்னல்.பேனிக் அமைப்பைத் திரும்ப 10க்கோ 30க்கோ மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு டம்ப் சேர்ந்துகொண்டே போனால், சின்ன எஸ்எஸ்டி உள்ள மெஷினில் டிஸ்க் நிறைந்து, பில் அடிக்கிற புரோகிராம் சேமிக்க இடமில்லாமல் நிற்கும்.